'தெரியாது' என்ற டப்பா

மலாயாவில் செலண்டார் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் நான் டிரெசராக, அதாவது டாக்டரின் உதவியாளாக, இருந்தேன். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து போவார். மற்ற நாட்களில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்கும் அதிலிருந்த ஒரே மைக்ராஸ்கோப்புக்கும் நான்தான் ராஜா. காய்ச்சல்காரர்களின் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது என் அன்றாட வேலை. முப்பதுகளின் தொடக்கம் அது.

அந்த மைக்ராஸ்கோப்பின் மேல் பெரிய துரைக்கும் ஒரு கண். தோட்ட மேனேஜரான அவருக்குக் கல் பைத்தியம். லீவில் கெடாவுக்குப் போனால் சுண்ணாம்புக் கல்லைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். ரப்பர்ப் பாலை உறையவைக்க ஸ்டோரில் இருக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து, அதில் கல்லைப் போடுவோம். பல நாள் நுரைத்துக் கரைந்து அடியில் கொஞ்சம் மண் தங்கும். அந்த மண்ணில்தான் அவை இருந்தன. எள்ளைவிடச் சிறியவை, தேன் நிறம். சில கொம்பு மாதிரி, சில சீப்பு மாதிரி. அந்தக் கல் கடலுக்கடியில் சேறாகக் கிடந்த காலத்தில் வாழ்ந்து அற்றுப்போன ஏதோ உயிரின் மிச்சம் என்றார் துரை. என்ன உயிர் என்று கேட்டேன். மீனின் பல் என்று சிலர், புழுவின் தாடை என்று சிலர், உண்மையில் யாருக்கும் தெரியாது என்றார்.

மாலை வேளைகளில் உட்கார்ந்து பிரிப்பேன். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்து, கறுப்புக் காகிதத்தில் கோந்து தடவி ஒட்டி, எந்தக் கல்லில் கிடைத்தது என்று சீட்டு எழுதுவேன். மூன்று டப்பா: மீன், புழு, தெரியாது. முதலிரண்டும் பாதிகூட நிறையவில்லை. மூன்றாவது மட்டும் நிரம்பிக்கொண்டே போனது. சீட்டில்லாத எதுவும் டப்பாவுக்குள் போகக்கூடாது என்பது துரையின் சட்டம். அதை அவரைவிடக் கறாராகக் காத்தவன் நான்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரே பிள்ளை. முதல் பல் விழுந்த அன்று அதைக் கையில் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே ஓடி வந்தாள்.

"அப்பா, இது எந்த டப்பா?"

சிரித்துவிட்டேன். எனக்கும் ஓர் ஆசை வந்தது. கல்லிலிருந்து வந்தவற்றின் பளபளப்பையும் நிஜப் பல்லின் பளபளப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே. வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டில் மனைவி மாட்டுச் சாணியோடு காத்திருந்தாள். விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தால்தான் புதுப் பல் ஒழுங்காக முளைக்கும் என்பது எங்கள் வழக்கம்.

"பல்லக் குடுங்க, கூரையில போடணும்."

"நாளைக்குக் கொண்டாறேன்."

"மொதப் பல்லுங்க. இதுல என்னா வெளையாட்டு?"

நாளை, நாளை என்று நாலு நாள் கடத்தினேன். பல் மூன்றாவது டப்பாவின் மூலையில் பஞ்சுக்குள் கிடந்தது. சீட்டு எழுதவில்லை. என் மகளின் பல் எனக்குத் தெரியாதா என்ற திமிர்.

ஐந்தாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். அவள் விரலில் நானே குத்தினேன். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைதான், கிருமி மொய்த்துக் கிடந்தது. எந்த வகை என்பதில்கூடச் சந்தேகமில்லை. வேறு ஏதாவதாக இருக்கக்கூடாதா என்று இன்னும் மூன்று கண்ணாடி தடவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கிருமி. கொய்னா மருந்து கொடுத்தேன், கொடுத்துக்கொண்டே இருந்தேன். இதற்கு நடுவில் துரையிடமிருந்து ஆள் வந்தது. டப்பாக்களைச் சீமையில் ஒரு நிபுணருக்கு அனுப்புகிறாராம்; நாளைக்கே மலாக்காவுக்குப் போனால்தான் கப்பலைப் பிடிக்குமாம். அந்த நேரத்தில் கல்லாவது பல்லாவது. மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் அரக்கு வைத்துக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று மனைவி கேட்டாள். "அந்தப் பல்லையாவது குடுங்க."

நடந்ததைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "கூரையில போட்டிருந்தா இருந்திருப்பாளா?" என்று மட்டும் கேட்டாள். பல்லுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லத் தெரிந்த எனக்கு அப்போது வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பல்லைத் திருப்பி அனுப்பச் சொல்லி துரை கடிதம் எழுதினார். அது போய்ச் சேருமுன்பே சீமையிலிருந்த நிபுணரின் பதில் புறப்பட்டுவிட்டது. துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு, நின்றுகொண்டே படித்துக் காட்டினார். நான் மீன் என்று பிரித்தது மீன் என்பதற்கு ஆதாரமில்லை, புழு என்றதும் அப்படியே. எல்லாமே தெரியாதவைதான். என்றைக்காவது யாராவது கண்டுபிடிக்கலாம் என்று ஒவ்வொன்றையும் சீட்டோடு பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். சீட்டில்லாத ஒன்று மட்டும் பார்த்தவுடன் தெரிந்துவிட்டதாம். ஏதோ குழந்தையின் பால்பல், தவறி விழுந்திருக்கிறது, எறிந்துவிட்டோம் என்று எழுதியிருந்தது. துரை கடிதத்தை மடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வருதாங்க?"

"இல்ல. எறிஞ்சுட்டாங்களாம்."

அவள் வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள்.

"எங்க எறிஞ்சாங்க? கூரை மேலயா?"

"ஆமா" என்றேன். "கூரை மேலதான்."

அவள் தலையாட்டிவிட்டு, எனக்குச் சோறு போட உள்ளே போனாள்.