எல்லைக்கல்லின் மேல் ஈரச்சேலை

பாளையங்கோட்டைக்கு நடுவில் இருந்தும் பாளையங்கோட்டையில் சேராத தெரு எங்களுடையது. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு கிராமத்துக் கோயிலுக்கு யாரோ எப்போதோ எழுதிவைத்த நிலம். கோயிலோடு நிலமும் அந்தக் கிராமத்து எல்லைக்குள் போய்விட்டது. பிறகு நகரம் வளர்ந்து நாலு புறமும் சூழ்ந்துகொண்டது. எங்கள் பதினெட்டு வீடுகள் மட்டும் இன்னும் அக்கரைப் பஞ்சாயத்தில். வீட்டு வரி கட்ட இரண்டு பஸ் மாற வேண்டும். குப்பை வண்டி தெருமுனை எல்லைக்கல் வரை வந்து திரும்பிவிடும். தண்ணீருக்கும் கல்லைத் தாண்டித்தான் குடம் தூக்க வேண்டும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு ஒரு கால் சரியில்லை. யாராவது குடம் கொண்டுவந்து வைத்தால்தான் உலை வைக்க முடியும். கேட்கவும் கூசுவாள்.

போன வருஷம் மாநகராட்சியிலிருந்து புதுக் குழாய் பதிக்க வந்தவர்கள், பேச்சு மும்முரத்தில் கல்லைத் தாண்டியும் தோண்டினார்கள். தெருவே மூச்சுக் காட்டவில்லை. அக்கா கம்பை ஊன்றி வந்து, ஈரச்சேலை ஒன்றைக் கல்லின் மேல் காயப்போட்டாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் பள்ளம் அக்கா வாசலை நெருங்கிவிட்டது.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தார். சரித்திர வாத்தியார். மேஸ்திரி சும்மா, "பழைய தெருவா சார்?" என்று கேட்டுவைத்தார். இப்படிக் கேட்க ஆள் கிடைக்காதா என்று தவம் கிடப்பவர் இவர். கோயில், தானம், அக்கரை என்று ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணைக் காட்டினேன், தொண்டையைச் செருமினேன். அவர் நேரே போய்ச் சேலையை விலக்கி, "இதுதான் எல்லைக்கல். இங்கன உள்ளதெல்லாம் பஞ்சாயத்து" என்றார், பெருமையாக.

"அப்போ நாங்க இங்கன தோண்டவே கூடாதே சார்" என்றார் மேஸ்திரி. சாயங்காலத்துக்குள் பள்ளத்தை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

"வாசல் வரைக்கும் வந்த தண்ணிய வாயால திருப்பி அனுப்பிட்டியளே!" என்று நான் ஏசித் தீர்த்தேன். அக்கா மண் படிந்த சேலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவர் குடத்தோடு கிளம்பினார். முதல் நடை அக்கா வீட்டுக்கு, பிறகுதான் எங்களுக்கு. இன்றுவரை அப்படித்தான். கொஞ்ச நாள் அக்கா முகம் கொடுக்கவில்லை. ஒருநாள் வாசலில் உட்கார்ந்து அவர் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

"சரித்திரம் கனக்குதோ சார்?"

"கனக்கத்தான் செய்யுதுக்கா" என்றார், மூச்சு வாங்க. அக்கா சிரித்துவிட்டாள், குடத்தை இறக்கக் கை கொடுத்தாள்.