எனக்காகக் கதைத்தவர்கள்

எனக்கு உடுத்தப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைப் பற்றிக் கதைப்பவர்கள் எல்லோரும் அதில்தான் தொடங்குவார்கள். பன்னிரண்டு வருடமாக உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். கசங்கின சேலையோடு ஒரு நாளும் வகுப்புக்குள் போனதில்லை. கடும் நிறங்கள், நாவல் நிறத்துக்கு வெள்ளித் தோடு, கண்ணுக்கு மை. கண்ணாடியில் பார்க்கும்போது என்னை எனக்குப் பிடித்திருந்தால் கரும்பலகைக்கு முன்னால் குரல் உறுதியாக வரும். இது சிலருக்குப் புரியாது. புரியாவிட்டால் போகட்டும்.

வயிற்றில் பிள்ளை வந்து ஐந்தாம் மாதம் சேலையின் கொய்யக மடிப்பு இடுப்பில் நிற்க மறுத்தது. மேலே கட்டினால் மூச்சு முட்டியது, கீழே கட்டினால் படியில் தடக்கியது. பிள்ளைத்தாய்ச்சி ஆசிரியைகள் கவுண் போட்டுக்கொண்டு வர அனுமதி இருக்கிறது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவரை ஒருவரும் போட்டதில்லை. நான் கருநீலத்தில் ஒன்று தைப்பித்தேன். வெள்ளைக் கழுத்துப்பட்டி, கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டி போட இரண்டு பக்கமும் ஆழமான பை. நல்ல வடிவாகத்தான் இருந்தது. ஆசிரியர் அறைக்குள் காலடி வைத்ததும் ஒரு மூத்த ஆசிரியை, வீட்டில் அடுப்படியில் போடுகிற சோட்டியோடையே வெளிக்கிட்டு வந்திட்டியளோ என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று பிள்ளை பெற்றவர் அவர், மூன்று தடவையும் சேலையோடு மூச்சு வாங்கினவர். தான் பட்ட பாட்டை நானும் படவேண்டும் என்று ஏன் இந்த ஆசை? அடுத்த கிழமை சாம்பல் நிறத்தில் இன்னொரு கவுண் தைப்பித்தேன். அதற்கும் பை வைத்தேன்.

பிள்ளை பிறந்தாள். முப்பத்தொரு நாள் துடக்கு முடியும்வரை என் கணவரின் தாய், மாமி, என்னைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தார். பழஞ்சேலையால் வயிற்றை இறுக்கிக் கட்டினார், மிளகு, மல்லிச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சித் தந்தார், இலை அவித்த தண்ணீர் வார்த்தார். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சரக்குக் கறிக்கு இன்றைக்கும் வாய் ஊறும். ஆனால் என் மேசை லாச்சிக்குள் இருந்த மையையும் உதட்டுச் சாயத்தையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தானே வைத்துக்கொண்டார். பிள்ளை பெற்ற உடம்பு, ஆட்கள் கண் பட்டுவிடுமாம். திறப்பைக் கேட்டு வாங்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது. முப்பத்தாறு வயதில் என் மைக்குத் திறப்புக் கேட்டு நின்றேன்.

லீவு முடிய முன்னமே திரும்பிப் போவதற்கு எல்லாம் ஆயத்தம் செய்துவிட்டேன். உரும்பிராயில் எனக்குத் தைக்கிற அக்கா பால் எடுக்க வசதியாக முன்பக்கம் சிப் வைத்து ஆறு சேலைச் சட்டை தைத்துத் தந்தார். சேலை மறைத்துவிடும், வெளியே தெரியாது. ஆய்வுகூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கிறது. இடைவேளையில் அங்கே பாலை எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவரலாம். பால் போத்தலில் குடிக்கப் பிள்ளையைப் பழக்கினேன். பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. பத்தொன்பது பெண் பிள்ளைகள். சேதன இரசாயனம் பாதியில் நின்றது. பிள்ளைக்கு ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டு மறுபக்கம் அவர்களுக்குக் குறிப்பு எழுதினேன். அவர்களும் எப்போது வருவீர்கள் ரீச்சர் என்று கேட்டுத் தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

முதல் நாள் இரத்தச் சிவப்பில் கைத்தறிச் சேலை உடுத்தினேன். அதிபர் நேரசூசியைக் கையில் தந்தார். தரம் ஆறு விஞ்ஞானம், தரம் ஏழு விஞ்ஞானம், தையல் வகுப்புக்கு மேற்பார்வை. உயர்தரம் இல்லை. என் வகுப்பை விலங்கியல் படித்த இளம் ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். அவரில் பிழையில்லை, கொடுத்ததை எடுத்தார். ஏன் என்று அதிபரைக் கேட்டேன். அவர் ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல் சிரித்தார்.

"உங்கடை அவர் வந்து கதைச்சவர் ரீச்சர். போன வெள்ளி பூசை முடிய கோயில் வீதியிலை கண்டவர். பச்சைப் பிள்ளையோடை நீங்கள் கஷ்டப்படக்கூடாது எண்டு."

எங்கள் ஊரில் இப்படித்தான் எல்லாம் நடக்கும். இடமாற்றம், கலியாணம், காணி எல்லை, எதுவானாலும் யாராவது யாரையாவது கோயில் வீதியில் கண்டு ஒரு சொல் கதைத்தால் போதும். கடிதமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். யாருடைய காரியமோ அந்த ஆள் அங்கே நிற்கவேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு ஆண்கள் திருநீறு பூசிக்கொண்டு நின்று என் பன்னிரண்டு வருடத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அதுவும் அன்போடு.

அன்று பின்னேரம் கோபத்தோடுதான் வீட்டுக்குப் போனேன். என் கணவர் கெட்டவர் இல்லை. வங்கியில் வேலை முடிந்து வந்தால் பிள்ளையின் துணி தோய்ப்பார், காயப்போடுவார், ஊர் சிரித்தாலும் கவலைப்படமாட்டார். அதனால்தான் தாங்கமுடியவில்லை. ஏன் செய்தீர்கள் என்று கேட்டேன். மாமி சொன்னாவாம், தானும் யோசித்துப் பார்த்தாராம், நான் இளைத்துப்போனேனாம்.

"உமக்குச் சுகமா இருக்கட்டும் எண்டுதான் கதைச்சனான்," என்றார்.

"என்னோடை கதைச்சனீங்களோ?"

உண்மையிலேயே அது அவருக்குத் தோன்றவில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரம் கூடியது.

அடுத்த நாள் அதிபரிடம் போய், எனக்கு என் வகுப்பு வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை. அதுதான் பெரிய கொடுமை. உங்கள் அவர் ஒருக்கால் வந்து, தனக்கு ஆட்சேபனை இல்லை என்று ஒரு சொல் சொல்லட்டும், திங்களே மாற்றித் தருகிறேன் என்றார். பிறகு வீட்டில் பிரச்சினை வந்தால் தன் தலையில் விடிந்துவிடுமாம்.

"நியமனக் கடிதத்திலை அவற்றை பேர் இல்லை, சேர். என்ரை பேர்தான் கிடக்கு."

கோபப்படாதேங்கோ ரீச்சர் என்றார். இந்த உடம்போடு கோபப்பட்டால் பால் வற்றிவிடும் என்றும் சொன்னார். ஒரு அதிபர் தன் கந்தோரில் இருந்துகொண்டு என் பாலைப் பற்றிச் சொன்னார்.

நாளைக்கே போய்க் கதைக்கிறேன் என்று கணவர் துடித்தார். செய்த பிழையைத் திருத்த அவருக்கு அவசரம். அவர் போயிருந்தால் திங்கட்கிழமை பிள்ளைகள் முன்னால் நின்றிருப்பேன். போகாவிட்டால் அந்தப் பத்தொன்பது பேருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம். இரண்டு இரவு அதையே யோசித்தேன். அவர் வாயால் போன வகுப்பு அவர் வாயால் திரும்பி வந்தால், அடுத்த தடவையும் அவர் வாயால்தான் போகும். போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உமக்கு வீம்பு என்றார் மாமி. ஓம், வீம்புதான்.

கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதத்துக்கும் இல்லை. ஐந்து கிழமை தரம் ஆறுக்குக் காந்தத்தைப் பற்றிப் படிப்பித்தேன். பிழையாக நினைக்காதேயுங்கள், அந்தச் சின்னப் பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். ஆனால் மேல்மாடியில் என் வகுப்பில் சமன்பாடு சொல்லிக்கொடுக்கும் குரல் கேட்கும்போதெல்லாம் படிப்பிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். ஆசிரியர் அறையில், உவ இப்பவும் மை பூசிக்கொண்டுதான் வாறா, அவ்வளவு கஷ்டம் இல்லைப்போல என்று கதைத்தார்கள். மை பூசாமல் அழுதுகொண்டு போயிருந்தால் நம்பியிருப்பார்கள்.

ஆறாவது கிழமை நேரே போனேன். மயில்கழுத்து நிறச் சேலை, மை, தோடு, எல்லாம். பிள்ளைக்கு அன்று இலேசாகக் காய்ச்சல், போத்தலைத் தொடமாட்டேன் என்றாள். அதனால் கணவரும் லீவு போட்டு அவளைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார். வெளியில் வேப்பமரத்துக்குக் கீழே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இருந்தேன். அதிகாரி என் இரண்டு கடிதத்தையும் கோவையில் தேடி எடுத்து வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

"உங்கடை அவர் வரேல்லையோ?"

"வந்தவர். வெளியிலை பிள்ளையை வைச்சிருக்கிறார்."

"அவரையும் கூப்பிடுங்கோவன். ஒருக்கால் கதைப்பம்."

"அவருக்கு இதிலை கதைக்க ஒண்டுமில்லை," என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழத் தொடங்கினாள். பசி அழுகை, எனக்குத் தெரியும். கணவர் அவளைத் தட்டித் தட்டி நடக்கும் சத்தமும் கேட்டது. மார்பு கனத்து, சட்டை நனைந்து, சேலைக்கு மேலால் ஈரம் பரவியது. அதிகாரி கண்டுவிட்டு அவசரமாகப் பார்வையைத் திருப்பினார். போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கோ, இதைப் பிறகு பார்க்கலாம் என்றார். எழும்பினால் அந்தக் கோவை மூடிவிடும். நான் முந்தானையை இழுத்து மூடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நீங்கள் எழுதுங்கோ, நான் இருக்கிறன் என்றேன். பிள்ளை வெளியில் கத்தினாள். அவர் பேனையை எடுத்து, என் பெயரையும் பாடத்தையும் வகுப்பையும் எழுதி, கையெழுத்து வைக்கும்வரை நான் எழும்பவில்லை.