ஞாயிற்றுக்கிழமை மருந்து

தின்னர் வாசனை. ஒரகடம் கூட்டுச்சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காற்று சற்றுத் திரும்பினால் போதும், வந்துவிடும். எங்கோ ஒரு தகரக் கொட்டகைக்குள் வண்டிக் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். என் பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் கழுத்தில் அட்டை தொங்க, நீலச் சட்டைப் பையில் செல்போன் துருத்த, ஷிப்டைப் பற்றியும் ஓ.டி.யைப் பற்றியும் பேசிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாசனை ஒன்றுமேயில்லை. எனக்கு அப்படியில்லை. அழுகத் தொடங்கிய பழத்தின் மேல் ஸ்பிரிட்டை ஊற்றினாற்போல அது மூக்கில் ஏறும். ஏறிய கணத்தில் என் நாற்பத்தெட்டு வயதும் மூட்டு வலியும் எங்கோ போய்விடும். வெள்ளைப் புடவை கட்டிய இருபத்தொரு வயதுப் பெண்ணாக, கையில் சின்னக் கண்ணாடிக் கிளாஸோடு, ஒரு கட்டிலருகே நின்றுகொண்டிருப்பேன். எதிரே ஒரு வாய், பறவைக் குஞ்சின் வாய் போல, திறந்திருக்கும்.

அந்த மருந்தின் பெயர் பாரால்டிஹைட். இன்றைய நர்ஸ் பெண்களில் பலர் அதைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். பழுப்பு பாட்டிலில் வரும். பிளாஸ்டிக்கில் ஊற்றினால் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும் என்பதால் கண்ணாடியில்தான் ஊற்ற வேண்டும். பிளாஸ்டிக் தாங்காததை மனித வயிறு தாங்கிக்கொண்டது. ஆரஞ்சு சர்பத்தில் கலந்து கொடுத்தால் கால் மணி நேரத்தில் கண் செருகிவிடும். அதற்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போனது மூச்சு வழியாகவே திரும்பி வரும். குடித்தவர் தூங்கத் தூங்க, விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் அது வெளியே வந்து, தலையணை உறையில், ஜன்னல் திரையில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் சட்டையில் எல்லாம் படிந்துவிடும். மறைக்கவே முடியாத மருந்து அது. ஆனாலும் நாங்கள் மறைத்தோம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம், நெடுஞ்சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி அந்த முதியோர் விடுதி இருந்தது. எழுபதுகளின் கடைசி. ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்தியது. பெண்கள் கூடத்தில் பதினான்கு கட்டில்கள். டாக்டர் புதன்கிழமைதோறும் காஞ்சிபுரத்திலிருந்து காரில் வருவார். மற்ற ஆறு நாளும் நாங்கள்தான். அதனால் அவர் போகும்போது மருந்துப் புத்தகத்தில் சிலருக்கு எஸ்.ஓ.எஸ். என்று எழுதிவிட்டுப் போவார். தேவைப்பட்டால் கொடு என்று அர்த்தம். எத்தனை நாளைக்கு, எதைக் கண்டால், தேவை என்று சொல்ல வேண்டியது யார், ஒன்றும் இருக்காது. அடுத்த புதனன்று நின்றபடியே பக்கத்தைப் புரட்டி அடியில் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை எழுதிய எஸ்.ஓ.எஸ். அதற்குப் பிறகு சாவதே கிடையாது. மனிதர்கள் அதற்கு முன்னால் செத்துப்போனார்கள்.

எட்டாம் கட்டில் அம்மாவுக்கு முதலில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஒரகடத்துப் பக்கம் விவசாயக் குடும்பம். புருஷன் போன பிறகு, எப்போதோ விற்றுவிட்ட எருமைகளைத் தேடிக்கொண்டு சாயங்காலமானால் ஊர் ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். இரண்டு முறை சேற்றிலிருந்து தூக்கி வந்தார்களாம். ஒரே மகன். மெட்ராஸில் பாடிப் பக்கம் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினான். பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவள். ஒற்றை அறை வீடு. கொண்டுவந்து விட்ட அன்று ஆபீஸ் அறை வாசலில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவளோ உள்ளே வந்து கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். "இன்னாடி பொண்ணே, கட்டில் இம்மாம் ஒசரம்? வுழுந்தா நீ தூக்குவியா, நான் உன்னைத் தூக்கணுமா?" என்று என்னைக் கேட்டாள். நான் அவ்வளவு ஒல்லி அப்போது.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. எருமைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வாள். பக்கத்துக் கட்டில்காரிகளுக்கு எருமைப் பெயர் வைப்பாள். மறதி வந்தும் போயும் இருந்தது, வெயில் காலத்து மேகம் போல. மறக்காதது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மகன் வருவான்; அவனிடம் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமையிலிருந்தே என்னிடம் ஒத்திகை பார்ப்பாள். "மூலையில ஒரு பாய் போதும்டா, நான் எங்கியும் போவ மாட்டேன், கால்ல வேணா கயிறு கட்டிப் போடு. இப்டி சொன்னா கூட்டிகினு போவான் இல்ல?" என்பாள். போவான் என்பேன். வேறு என்ன சொல்வது?

முதல் ஞாயிறு அவன் எழுந்து கிளம்பும்போது அவள் அவனுடைய சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டாள். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "கூட்டிகினு போடா, கூட்டிகினு போடா" என்ற அலறல் மட்டும் வந்தது. பை கிழிந்து கையோடு வந்துவிட்டது. மற்ற பார்வையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரிய மனிதர் மானேஜரிடம் போய், எங்கள் அம்மா பயப்படுகிறாள் என்றார். அந்தப் புதன்கிழமை டாக்டர் எட்டாம் கட்டிலுக்கு எதிரே பாரால்டிஹைட் என்று எழுதி, பக்கத்தில் எஸ்.ஓ.எஸ். என்று போட்டார். மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "விசிட்டர்ஸ் வர நேரத்துல பாத்துக்கம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பார்த்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அவளுக்குத் தலை வாரி, சலவைப் புடவை கட்டிவிட்டு, இரண்டரை மணிக்குக் கிளாஸை நீட்டினேன். முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள். "இன்னாடி இது, சாராயக்கடை வெச்சிக்கிறியா? என் புருசன் கூட இம்மாம் நாத்தம் நாறல." கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊற்றினேன். அன்று அவள் அலறியிருக்கவில்லை, கையைக்கூட உயர்த்தியிருக்கவில்லை. அவள் அலறக்கூடும் என்பதே போதுமானதாக இருந்தது.

மகன் மூன்று மணிக்கு வந்தான். கிழிந்த பையை வேறு நிற நூலால் தைத்துப் போட்டிருந்தான். செய்தித்தாளில் சுற்றிய ரஸ்தாளிப் பழங்கள். தூங்குகிறவளின் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து மணி வரைக்கும் கையால் ஈ ஓட்டினான். பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனான். திங்கட்கிழமை விடியலில் அவள் கண் விழித்துத் திரும்பி, பழத்தைப் பார்த்தாள். "வந்தானா?" "வந்தாரு." "நான் இன்னா சொன்னேன்?" நான் படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். அதற்கப்புறம் எல்லா ஞாயிறும் இதேதான். தலை வாருவது, புடவை, கிளாஸ், தூக்கம், பழம், திங்கள் விடியலில் அந்தக் கேள்வி. சில வாரங்களில் அவளுக்கே பழகிப்போயிற்று. தலை வாரி முடித்ததும் கேட்காமலே வாயைத் திறக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிறு அவன் அவள் முகத்தருகே குனிந்து, வெடுக்கென்று நிமிர்ந்தான். வெளியே வந்து என்னைத் தனியாகக் கேட்டான். "நர்சம்மா, அது வாயிலேந்து ஒரு மாதிரி நாத்தம் வருதே. உள்ள எதுனா அழுகிப் போச்சா? எங்கப்பாவுக்கும் கடசில இப்டித்தான் மூச்சு நாறிச்சி." என் வாழ்நாளில் யாரும் என்னிடம் அவ்வளவு நேராக ஒரு கதவைத் திறந்து வைத்ததில்லை. மருந்துங்க, நாங்க கொடுத்தது, நாளைக்கு வந்தா உங்களோட பேசுவாங்க. அவ்வளவு சொல்லியிருந்தால் போதும். மானேஜர் தூணருகே நின்று யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார். "வயசானா அப்படித்தாங்க" என்றேன். அவன் தலையை ஆட்டினான். நோய் முற்றிவிட்டது என்று புரிந்துகொண்டான். நான் கலக்கிக் கொடுத்த சர்பத்தின் வாசனையைத் தன் தாயின் சாவு வாசனை என்று எடுத்துக்கொண்டு, பழங்களை வைத்துவிட்டுப் போனான்.

இன்னும் நாலைந்து வாரம் வந்தான். கடைசியாக வந்த அன்று உட்காரவில்லை. "தூங்கற ஜீவனைப் பாத்து நான் இன்னா பண்றது நர்சம்மா? நிம்மதியா கீது. அது போதும். எதுனா ஒண்ணுன்னா தந்தி குடுத்துடுங்க." பிறகு வரவில்லை. அவன் வராத ஞாயிறுகளிலும் நான் கிளாஸை நிரப்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒருவேளை வந்துவிட்டால்?

அந்தச் சமயத்தில் புதிய மேட்ரன் வந்து சேர்ந்தார். நாகர்கோவில்காரர். வந்த மறுநாளே மருந்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். தேதிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனவர், மேசைமேல் இருந்த காலண்டரைப் பக்கத்தில் இழுத்தார். "எல்லாம் ஞாயித்துக்கெழமையாட்டுல்லா இருக்கு, பிள்ளே. இந்த அம்மாவுக்குக் கிறுக்கு ஞாயித்துக்கெழமை மட்டும்தான் பிடிக்குமோ?" நான் காலண்டரின் சிவப்புத் தேதிகளைப் பார்த்தேன். "கொடுத்தது யாருக்குத் தேவைன்னு?" புதன்கிழமை டாக்டரை நிறுத்திக் கேட்டார். டாக்டர் கெட்டவர் இல்லை, உண்மையாகவே அதிர்ந்தார். "நான் தேவைப்பட்டாத்தானே எழுதினேன்? வாராவாரம் குடுன்னா சொன்னேன்? அது நர்ஸ் பாத்துக்க வேண்டியது." நான் டாக்டர் எழுதினார் என்றேன். மானேஜர், டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்கிற விஷயம் அது என்றார். ஒரு பாரத்தை மூன்று பேர் கைமாற்றிக்கொள்வதை மேட்ரன் பார்த்துக்கொண்டே இருந்தார். அது அவ்வளவு நாளும் இறங்கியிருந்த இடம் எட்டாம் கட்டில்.

பேனாவால் அந்த வரியை அடித்தார். இனி எந்த எஸ்.ஓ.எஸ்.ஸும் அடுத்த புதனோடு முடிந்துவிடும். வேண்டுமென்றால் டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து ஆளைப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். கொடுத்தவள் ஏன் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுத வேண்டும். எவ்வளவு சின்ன விஷயம்! ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதச் சொல்லி முன்பே யாராவது கேட்டிருந்தால் முதல் ஞாயிறே என் பேனா நின்றிருக்கும். தலை வாரிக்கொண்டு சிரித்தாள் என்றா எழுதியிருப்பேன்?

அந்த ஞாயிறு அவள் விழித்திருந்தாள். மூன்று மணியும் நாலு மணியும் ஐந்து மணியும் விழித்திருந்தாள். வாசலில் நிழல் தட்டும்போதெல்லாம் கழுத்து நீளும். அலறவேயில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. நான் மகனுக்கு ஒரு கார்டு எழுதினேன்: அம்மா நலம், விழிப்பாக இருக்கிறார்கள், வந்து பார்க்கவும். மருந்தைப் பற்றி எழுத இடம் இருந்தது. எழுதவில்லை. பதில் வந்தது. ஞாயிறுகளில் ஓ.டி. இருக்கிறது, பொங்கலுக்கு வருகிறேன், அம்மாவைத் தொந்தரவு செய்யாமல் தூங்க விடவும்.

தை மாதத்துக்கு முன்பே எனக்குச் செங்கல்பட்டில் அரசாங்க வேலை வந்துவிட்டது. கடைசி நாளும் ஞாயிறாக அமைந்தது. டிரங்குப் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, விடைபெற வேண்டும் என்று உள்ளே போனேன். பழக்கத்தில் சீப்பை எடுத்து அவளுக்குத் தலை வாரினேன். முடித்ததும் அவள் வாயைத் திறந்தாள். "இல்லம்மா, அது இனிமே கெடையாது, நிறுத்தியாச்சு" என்றேன். வாயை மூடவில்லை. என் கைகளைப் பார்த்தாள். கண்ணாடிக் கிளாஸைத் தேடிப் புடவை மடிப்பைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு நாளும் அவள் என்ன கணக்குப் போட்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பொங்கலுக்கு அவன் வந்தானா என்று நான் யாருக்கும் எழுதிக் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். விடுதி இருந்த இடத்தில் இப்போது வரிசையாக லாரிகள் நிற்கின்றன. நான் கூட்டுச்சாலையில் நிற்கிறேன், காற்று திரும்புகிறது, பக்கத்தில் நிற்கிற ஒரு பிள்ளையின் சட்டைப் பைமேல் என் கண் போய் நின்றுவிடுகிறது, அதன் தையல் எல்லாம் ஒரே நிறம். கம்பெனி பஸ் வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மணிக்கட்டில் அந்தப் பிடி மட்டும் இன்னும் தளரவில்லை. அன்று நான் அதை ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு எழுந்தேன். கதவருகே போகும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள், குரலை உயர்த்தாமல், எனக்கு ஏதோ எளிய விஷயத்தைப் புரியவைப்பதுபோல.

"அத்த ஊத்திட்டுப் போடி, பொண்ணே. அத்தக் குடிச்சிட்டுத் தூங்கனாத்தான் எம்புள்ள வருவான்."