அத்தையின் வயிற்றில் இட்ட திருநீறு

எங்கள் லயத்தில் முதலில் அம்மை கண்டது எனக்குத்தான். அப்போது எனக்கு எட்டு வயது. அதை ஒரு பதவி என்றே எடுத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வது? புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, றப்பர் மரங்களுக்கு நடுவே, குடும்பத்துக்கு ஓர் அறையாக எட்டுக் காம்பராக்கள் வரிசையாகக் கொண்ட தோட்டத் தொழிலாளர் லயம் அது. வாசலில் வேப்பிலை செருகிய அன்றே என்னைப் பெயர் சொல்லி அழைப்பதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். மாரியம்மன் இறங்கியிருக்கும் உடம்பல்லவா? பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் கால் கழுவிக்கொண்டு என் பாயருகே வந்து உட்கார்ந்தார்கள். வாய்ப்பாடு தவறியதற்காக முந்திய வாரம் என் காதைத் திருகிய அப்பா, "தாயி, எளநி குடிக்கிறீங்களா?" என்று பணிவாகக் கேட்டார். கொப்புளம் நிறைந்த கையால் நான் ஒவ்வொரு நெற்றியிலும் திருநீறு இட்டேன்.

பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, தலைப்பிள்ளையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தார். "வயித்துலயும் போடுங்க தாயி, நல்லபடியா பெத்து எந்திரிக்கணும்" என்றார். ஐந்து விரலும் பதியப் போட்டேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு என் பதவி போயிற்று. இரண்டு வாரம் சென்றிருக்கும். அடுத்தடுத்து ஐந்து வாசல்களில் வேப்பிலை தொங்கியது. பாடசாலையில் பிள்ளைகள் குறைந்ததைப் பார்த்து யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும். ஒரு முற்பகலில் சுகாதாரப் பரிசோதகர் வந்துவிட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வேப்பிலைகள் எல்லாம் உள்ளே போய்விட்டன. விஷயம் வெளியே போனால் ஊசியும் மருந்தும் வரும், அம்மன் கோபித்துக்கொள்வாள் என்பது லயத்தின் பயம். கடைசிக் காம்பரா மாமா முகமெல்லாம் கொப்புளத்தோடு வந்து, "நுளம்பு கடிங்க மாத்தயா" என்று கொசுவின்மேல் பழியைப் போட்டார். "நுளம்பா, கோழியா? கொத்துன மாதிரில்ல இருக்கு" என்று அவர் மனைவியே சொல்ல, பரிசோதகரும் சிரித்துவிட்டார்.

சிரித்தபடியே அவர் கொப்பியில் எட்டுச் சதுரங்கள் வரைந்தார். காய்ந்த கொப்புளம் எது, புதியது எது என்று ஆளாளாகப் பார்த்துச் சதுரத்துக்குள் திகதி எழுதினார். எல்லாம் ஒரே வாரத்துத் திகதிகள். அப்படியானால் அதற்கு இரண்டு வாரம் முன்பு இங்கே யாருக்கோ வந்திருக்க வேண்டும், அது யார் என்று சிங்களத்தில் கேட்டார். எல்லோரும் தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். எனக்குக் கிடைத்த பெருமையை இப்படி மறைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"எனக்குத்தான் மொதல்ல அம்மன் வந்தாங்க" என்றேன். "நான்தான் எல்லாருக்கும் துண்ணூறு போட்டேன். அத்தைக்கு வயித்துலயும் போட்டேன்."

பென்சில் நின்றது. "பய வென்ன எபா, துவ" என்று, பயப்பட வேண்டாம் மகளே என்று, மெதுவாகச் சொல்லி, அத்தை எங்கே என்று கேட்டார். அன்று காலை வலி எடுத்து அத்தையைக் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன். அதற்கு முந்திய நாளே அத்தையின் கையில் மூன்று கொப்புளங்கள் கண்டிருந்ததையும், நீளக்கைச் சட்டை போட்டுவிட்டு, அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மா அனுப்பிவைத்ததையும் சொன்னேன். பிழையில்லாத சிங்களத்தில், வரிசை பிசகாமல்.

அவர் ஓடினார். எங்கள் மலையில் சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டுந்தான். சப்பாத்துக்கால் வழுக்க வழுக்க ஒரு பெரிய மனிதர் அப்படி ஓடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. போனில் அவர் கத்தியது லயம் முழுவதற்கும் கேட்டது. பிள்ளை பிறந்தவுடனே ஊசி போட வேண்டும், தாமதித்தால் தப்பாது. எங்களில் சிங்களம் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அம்மா அடிக்கவில்லை. என்னைத் தண்ணீர்ப் பீலிக்கு இழுத்துப்போய், எப்போதோ ஆறிவிட்ட அந்த வலது கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "நான்தான் சொல்லாதன்னு சொன்னேன், நான்தான்" என்று முணுமுணுத்தார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

அன்று மாலை ஆண் பிள்ளை பிறந்தது. ஊசி போட்டும் ஒரு வாரத்துக்குள் பிள்ளைக்கு உடம்பெங்கும் கொப்புளித்தது என்றும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றும் அப்பா வந்து சொன்னார். பத்தொன்பது நாள். அத்தனை நாளும் நான் இடக்கையால் சாப்பிட்டேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இருபதாம் நாள் அத்தை தம் காம்பராவுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்து, பிள்ளையை என் மடியில் கிடத்தினார். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"புடிடி. ஒன் மச்சான நீ தொடாம வேற யாரு தொடுறது?" என்று, என் வலது கையைப் பிடித்து இழுத்துப் பிள்ளையின் நெஞ்சின்மேல் வைத்து அழுத்தினார்.

அத்தைக்கு இன்னும் எதுவும் தெரியாது, தெரிந்ததும் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார் என்று நினைத்து, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். நோய் யாரிடமிருந்து தொற்றியது என்பதை ஆஸ்பத்திரியில் முதல் நாளே அவரிடம் விளக்கியிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.