படகு சரிந்தபோது நான் சொன்னது

கண்டி வாவியில் படகில் இரண்டு சுற்று வந்ததோடு என் கடல் அனுபவம் சரி. அதிலும் இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட ஆள் மாலைதீவில் ஐந்து நாள் பாய்ப்படகில் தீவு தீவாகச் சுற்றப் போனதற்கு என் மனைவியின் தம்பிதான் காரணம். அவன் அங்கே அப்படியொரு படகில் சமையல்காரன். ஆட்கள் வராத மாதத்தில் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ரெண்டு ரூம் சும்மா கெடக்கு மச்சான். அக்காவக் கூட்டிட்டு வாங்க."

இரண்டாவது அறைக்கு நானே ஆள் பிடித்தேன். எங்கள் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்துத் தம்பதி. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவருடைய மனைவி எல்லோருக்கும் அக்கா. சாட்சிகளை ஊரிலிருந்தே அழைத்துப் போனேன் என்பது பிறகுதான் புரிந்தது.

முதல் இரண்டு நாள் நான் ராஜா. உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டேன், அதோடே தூங்கினேன், அதையே பகிடியாக்கி எல்லோரையும் சிரிக்கவைத்தேன். பத்து நிமிடத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு குட்டித் தீவில் இறங்கினோம். என் மனைவி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, காலைச் சுற்றும் மீன்களோடு பேசிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் காற்று வந்தது. பாய் புடைத்தது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சோற்றுத் தட்டுகள் மேசையில் தானாக நடந்தன. பருப்புக் கறி என் மடிக்கு வந்தது.

தெல்தோட்டைக்குப் போகும் பஸ் மலை வளைவுகளில் சாயும்போது என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். எழுந்து நின்று, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் வாங்க" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. படகோட்டி, வாட்டசாட்டமான மாலைதீவுக்காரர், சுக்கானைப் பிடித்தபடி எனக்குக் கையசைத்தார். விடைபெறுகிறார் என்று நினைத்தேன்.

அத்தோடு முட்டிக்கால் போட்டேன். பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் கடைசியாக எப்போது போனேன் என்று எனக்கே ஞாபகமில்லை. ஆனாலும் "என் பாவமே, என் பாவமே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டேன். பிறகு, சாகப்போகிறவனுக்கு வரும் அவசரத்தில், மனைவியின் கையைப் பிடித்தேன்.

"அந்த லெட்டர் வந்திச்சு," என்றேன்.

"எந்த லெட்டரு?"

"ரேடியோவுல இருந்து. வந்திச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். மன்னிச்சிரு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

படகோட்டி கயிற்றைத் தளர்த்தினார். படகு சாவகாசமாக நிமிர்ந்தது. எதிர்வீட்டு ஆசிரியர் தன் தட்டை மடியிலிருந்து மேசைக்கு மாற்றிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, பாய்ப்படகெண்டாச் சரியத்தான் செய்யும். சரியாட்டித்தான் காத்தில்லை எண்டு கவலைப்படவேணும்."

படகு நிமிர்ந்துவிட்டது. சொன்னதைத் திரும்ப இழுத்துக்கொள்ளத்தான் கயிறில்லை.

அந்தக் கடிதம் வந்து பதினான்கு வருடமாகிறது. மாதா கோவிலில் வாசகம் வாசிக்க என் மனைவி எழுந்தால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். அப்படியொரு குரல். யாரோ சொல்லி, கொழும்பில் ஒரு வானொலிக்கு அறிவிப்பாளர் வேலை கேட்டு எழுதிப் போட்டாள். பதில் வந்த அன்று அவள் ஹந்தானையில் அம்மா வீட்டில் இருந்தாள். தபால்காரர் என் கையில் கொடுத்தார். குரல் தேர்வுக்கு வரச்சொல்லியிருந்தார்கள்.

ஏன் ஒளித்தேன் என்று அந்தப் படகில் எல்லோரும் கண்ணாலேயே கேட்டார்கள். கொழும்புக்குப் போய்விடுவாளோ என்ற பயம். கண்டியில் என்னை "அந்த ரேடியோக்காரியின் புருஷன்" என்று சொல்வார்களோ என்ற பயம். காற்றுக்குப் பயந்தவன் அதற்கு முன்னால் ஒரு தபால் உறைக்கே பயந்திருக்கிறேன். இரண்டு மாதம் அவள் தினமும் கேட்டாள், "ஏதும் வந்திச்சா?" என்று. "உன் குரலக் கேட்டு அவங்க மயங்கிக் கெடக்கிறாங்க, தெளிஞ்சதும் எழுதுவாங்க" என்று பகிடிவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையின் தொலைபேசி மேசையில் இருக்கிறாள். "கொஞ்சம் இருங்க, லைன் தாறேன்" என்று அந்தக் குரல் நாள் முழுக்கச் சொல்கிறது.

மீதி இரண்டு நாளும் படகில் ஒளிய இடமில்லை. என் மனைவி எல்லோரோடும் பேசினாள், என்னைத் தவிர. உப்பு வேண்டுமென்றால் தம்பியிடம், "ஒன் மச்சான் பக்கத்துல உப்பு இருக்கு" என்றாள். உயிர்காப்பு அங்கிப் பகிடியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படகோட்டி மட்டும் சிரித்தார், தமிழ் தெரியாததால்.

எதிர்வீட்டு அக்கா எனக்குக் கேட்கட்டும் என்றே என் மனைவியிடம் கேட்டாள்: "உந்த மனுசனோட எப்பிடி இருக்கிறாய், பிள்ளை?"

"யோசிச்சிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

அந்தப் பதிலோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்திறங்கினேன். அதே பதிலோடு கண்டிவரை பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பஸ் சாய்ந்தது. நான் கம்பியைக்கூடப் பிடிக்கவில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும், பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"கிழிச்சிட்டீங்களா?"

கிழிக்கவில்லை. கிழிக்கவும் தைரியம் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. அலுமாரியில் என் கல்யாணக் கோட்டின் உள்பையில் இருந்தது. அந்தக் கோட்டுக்குள் நான் இனி நுழையப்போவதில்லை என்பதால் அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த வீட்டில் இல்லை. எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கதிரையில் உட்கார்ந்தாள்.

"வாசிங்க."

மடிப்புகளில் தாள் நைந்திருந்தது. வாசித்தேன். "தாங்கள் குரல் தேர்வுக்கு அளைக்கப்படுகிறீர்கள்..."

"அழைக்கப்படுகிறீர்கள்," என்றாள்.

"அளை..."

"நாக்க நல்லா உள்ளுக்கு மடிங்க. அழைக்க."

பதினான்கு வருடம் பிந்தி, வீட்டு முன்னறையில் ஒரு குரல் தேர்வு நடந்தது. தோற்றுக்கொண்டிருந்தவன் நான். நாலாவது தடவை ஓரளவுக்கு வந்தது. மேலே வாசித்தேன். காலை ஒன்பது மணி. அடையாள அட்டை கொண்டுவர வேண்டும்.

"ஒம்பது மணி," என்றாள். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. "அப்ப காலையில மொத ட்ரெயினப் புடிச்சிருக்கணும். அந்த நீலச் சேலதான் கட்டியிருப்பேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வழக்கம்போல வாய்க்கு முதலில் வந்தது ஒரு பகிடிதான். அதை விழுங்கினேன்.

"திரும்ப மொதல்ல இருந்து," என்றாள்.

வாசித்தேன்.