எங்கள் பிக்கப்பின் முன்சீட்

குளிர்காலக் காலையில் அந்த ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் தொடை இரண்டும் விறைத்துப்போகும். ஹீட்டர் சூடு பிடிப்பதற்குள் லண்டனில் எங்கள் ரெய்னர்ஸ் லேன் கடந்துவிடும். நெளியவும் இடமில்லை, ஏனென்றால் இடப்பக்கம் ஸ்டியரிங்கோடு அப்பா, வலப்பக்கம் கைப்பையோடு அம்மா, நடுவில் நான். முன்னால் நீளமாக ஒரே சீட், மூன்று பேருக்கு மூன்று பெல்ட். எங்கள் அமெரிக்கன் பிக்கப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சீட்தான்.

ஹவுன்ஸ்லோவில் அப்பாவோடு வேலை செய்த ஓர் அமெரிக்கர் நாடு திரும்பும்போது கைமாற்றிவிட்டுப் போன வண்டி அது. எங்கள் வாசலில் நிறுத்தினால் அதன் பின்பாதி அடுத்த வீட்டு வாசலில் நிற்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா முதலில் வெளியே கூட்டிப்போய் அதன் பூர்வீகத்தைச் சொல்வார். ஆதியில் கம்பனிக்காரர் முன்பாதியை மட்டும் செய்து விற்க, கமம் செய்யும் விவசாயிகள் தாங்களே பின்னால் பலகைப்பெட்டி அடித்துப் பூட்டினார்களாம். பிறகு இரும்புப்பெட்டி வந்தும், பின்சக்கரச் சில்லு இரண்டும் பெட்டிக்கு வெளியே தனி மூடியோடு துருத்திக்கொண்டு நின்றனவாம்; வெகுகாலம் கழித்துத்தான் பெட்டியை அகலமாக்கிச் சில்லுகளை உள்ளே மறைத்து, பக்கங்களை நேராக்கினார்களாம். "வேலைக்குப் போற மூண்டு பேர் தோளோடை தோள் இருந்து போகத்தான் இந்தச் சீட்" என்று முடிப்பார். அதற்குள் வந்தவரின் தேநீர் ஆறிப்போயிருக்கும், பாவம்.

வீடு மாறுகிறவர்களின் கட்டில், அன்னதானச் சோறு காய்ச்சும் கிடாரம், கலியாண வாழைமரம் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போயின. தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கினாரே என்ற கோபத்தை அம்மா ஒருவாறு விழுங்கிக்கொண்டார். விழுங்க முடியாமற் போனது கோயிலில் நடந்ததை.

வண்டி கைக்கு வந்த வாரமே அதற்குப் பூசை. ஐயர் பொட்டு வைத்து, சில்லுகளுக்கடியில் எலுமிச்சைத் தேசிக்காய் வைத்துவிட்டு விலகினார். பட்டுச்சேலையோடு நின்ற அம்மா, இத்தனை வருட லண்டன் பழக்கத்தில், நேராக இடப்பக்கக் கதவைத் திறந்து, அந்த உயரமான படியில் சிரமப்பட்டு ஏறி அமர்ந்தார். பார்த்தால் மடிக்கு முன்னால் ஸ்டியரிங். கூடி நின்ற சனம் கொல்லென்று சிரித்தது. எல்லாருடைய சிரிப்பையும்விட அப்பாவின் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

அன்றோடு அம்மா அப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். சமைத்தார், பரிமாறினார், வண்டியிலும் ஏறினார். பேச்சு மட்டும் என் வழியாகத்தான். "கொப்பரிட்டைச் சொல்லு, ஹீட்டரைக் குறைக்கட்டாம்." நானும் அப்பாவிடம் சொல்வேன். முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாயும் தகப்பனும் இப்படிக் கதைக்காமல் இருந்து இருந்தே பிரிந்து போயிருந்தார்கள். நடுச்சீட்டில் இருந்துகொண்டு, இந்த இரண்டு பேரையும் நான்தான் ஒட்டவைத்துக்கொண்டு இருக்கிறேன் என்று நினைத்தேன்.

ஆனால் அந்த வண்டிக்கு ஊமைச் சண்டை ஒத்துவராது. இடப்பக்கம் இருந்து ஓட்டுகிறவருக்கு, முன்னால் ஒரு பஸ் நின்றால் அதைத் தாண்டி எதிரே வருவது தெரியாது. வலப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மா பார்த்து எனக்குச் சொல்லி, நான் அப்பாவுக்குச் சொல்வதற்குள் இடைவெளி மூடிவிடும். பின்னால் ஹோர்ன் மேல் ஹோர்ன்.

ஒருநாள் ஒரு கலியாணத்துக்கு வாழைமரம் ஏற்றிக்கொண்டு ஹவுன்ஸ்லோ போனோம். முன்னால் குப்பை லொறி நின்றது. அதைத் தாண்டி எடுக்கலாமோ என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார் அப்பா. அம்மா எட்டிப்பார்த்துத் தலையாட்ட, "எடுக்கலாமாம்" என்றேன். அப்பா வலப்பக்கம் வெட்டினார். அந்தக் கணத்தில்தான் எதிரே ஒரு மோட்டார்சைக்கிள் பறந்து வந்தது.

"பொறுங்கோ, எடுக்காதேங்கோ!"

அம்மாவின் கை என்னைத் தாண்டிப் போய் அப்பாவின் கையைப் பிடித்திருந்தது. பிரேக் போட்ட வேகத்தில் வாழைமரங்கள் சறுக்கி வந்து எங்கள் முதுகுப்பக்கம் மோதின. மோட்டார்சைக்கிள் உரசாமல் கடந்து போனது. பிறகு அம்மா நன்றாகக் குனிந்து பார்த்து, என்னிடம் சொல்லாமல், நேரே அப்பாவிடம் "ம், இப்ப எடுங்கோ" என்றார்.

அடுத்த சிக்னலில் அப்பா ரோட்டைப் பார்த்தபடி, "அண்டைக்கு நான் சிரிச்சது பிழைதான்" என்றார்.

"முன்னுக்குப் பாத்து ஓடுங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் அழுகிறாய் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அதன்பின் பல வருடங்கள் அம்மா பார்த்துச் சொல்ல, அப்பா எடுத்து ஓட்டினார். லண்டனில் பழைய வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்தபோது பிக்கப்பை விட்டுவிட நேர்ந்தது. இன்றைய பிக்கப்புகளில் பெட்டி சுருங்கி, பின்னால் இன்னொரு வரிசை சீட் வந்துவிட்டது. முன்னால் நான் இருந்த இடத்தில் பெரும்பாலும் கோப்பை வைக்கும் பள்ளம்தான் இருக்கிறது. நடுவில் பிள்ளையை இருத்திப் போகிற காலம் போய்விட்டது.

போன மாதம் அப்பாவுக்கு ஒரு சின்ன ஹைபிரிட் கார் எடுத்துக் கொடுத்தேன். ஸ்டியரிங் வலப்பக்கம், சுற்றிவரக் கமரா. முதல் ஓட்டம் முடிந்து இருவரும் வந்ததும், கார் எப்படி என்று கேட்டேன்.

"நல்ல கார்தான். ஆனா தனிய ஓடுறமாதிரிக் கிடக்கு" என்றார் அப்பா.

பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த அம்மா நின்று திரும்பினார்.

"அப்ப நான் ஆர், ஏத்தி வந்த சாமானோ?"