கொடியில் காய்ந்த பெல்ட்டு

மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவரிடம் அப்பா எழுதித் தந்த காகிதத்தைக் கொடுத்துவிட்டு, பசி தாங்காமல் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடும் ஒரு கடைக்குள் நுழைந்தேன். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே ஒருவர் மாவை நீள நீளமாய் வெட்டி, ஒரு குச்சியில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அட, இது எங்க வூட்டு பெல்ட்டு!

இது என்ன என்று கேட்டேன். இத்தாலிச் சாப்பாடு என்றார்.

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வாரம் என்றால் பெல்ட்டுதான். மைதாவில் முட்டை உடைத்து ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் அத்தை பிசைவார். பாட்டிலால் உருட்டி, பட்டையாக வெட்டி, துணி காயும் கொடியில் தொங்கவிடுவார். காக்கா ஓட்டுவது என் வேலை. கையில் குச்சியோடு நாள் முழுக்க நிற்பேன். தெருப் பிள்ளைகள் மதில்மேல் ஏறி, "இன்னாடி, மாவைத் துவைச்சிப் போட்டுக்கீறீங்களா?" என்று கேட்கும். சாயங்காலம் அதே பிள்ளைகள் கிண்ணத்தோடு வரும். இறால் குழம்பில் ஊறின பெல்ட்டின் ருசி அப்படி.

செய்யக் கற்றுத் தந்தவர் அப்பாவின் தாத்தா. உலகப் போரின்போது பெங்களூர்ப் பக்கம், பிடிபட்ட இத்தாலிச் சிப்பாய்களை வைத்திருந்த முகாமில் துப்பாக்கியோடு காவல் நின்றவர் என்பது வீட்டுக் கதை. உப்புக்காற்றில் அவர் கல்லறை எழுத்து உதிர்ந்துவிட்டது. கல்லறைத் திருநாளுக்குள் புதுக்கல் வைக்க வேண்டும். நான் கொடுத்துவிட்டு வந்த காகிதத்தில் பேருக்குக் கீழே 'பட்டாளத்து வீரர்' என்று இருந்தது.

பஸ்ஸில் வரும்போதே எனக்கு ஒரு கேள்வி. கம்பி வேலிக்கு வெளியே நின்றவர் உள்ளே வேகிற சோற்றை எப்படிக் கற்றுக்கொண்டார்? நேராக அத்தையிடம் போய்க் கேட்டேன். அத்தை மீன் அலசுவதை நிறுத்தவில்லை.

"துப்பாக்கி புடிச்சவன் கையில எவன் மாவைக் குடுப்பான்? அவங்க அடுப்பண்ட தண்ணி ஊத்திக்கினு, எச்சில் ஏனம் கழுவிக்கினு இருந்தாரு. எங்கிட்ட ஒரு வாட்டி சொன்னாரு. உங்கப்பன்கிட்ட சொல்லாதன்னாரு."

நான் சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸை ஓட்டி நிறுத்திவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாத மனுஷனிடம், ஏதோ பரிசு வாங்கின மாதிரி மூச்சு விடாமல் கொட்டினேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சின்ன வயசில் நடந்ததைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நம்ம தெருப் பையன்களைத் தனியாக உட்கார வைப்பார்களாம். எங்க தாத்தா வெள்ளைக்காரனையே துப்பாக்கி காட்டி உட்கார வெச்சவரு என்று இவர் சொல்வாராம். அந்த ஒரு கதையை வைத்துத்தான் தலை நிமிர்ந்து படித்து முடித்தாராம்.

மறுநாள் காலை டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"அத்தை சொல்றதுதான் நெசம்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமா, பாப்பா?"

தெரியாது என்றேன்.

"அப்ப கல்லுல அந்தப் பட்டாளத்து வரிய மட்டும் செதுக்காம வெக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன். பேரும் சிலுவையும் செதுக்கியாகிவிட்டது, கீழே ஒரு சாண் வெறுங்கல். அப்பா இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறார். சனிக்கிழமை செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்து சென்னை, அங்கிருந்து பெங்களூர். முகாம் இருந்த இடத்தில் இப்போது என்ன கட்டியிருக்கிறார்களோ, அங்கே வேலை செய்தவர்களின் பட்டியல் எந்த அலுவலகத்தில் தூங்குகிறதோ, போய்த்தான் பார்க்க வேண்டும். கிடைத்தால் சமையல் கொட்டகை ஆட்களின் பக்கத்தை நான் தேடுவேன். காவலர் பக்கத்தை அப்பா தேடட்டும்.